மூடினாலும் மூடாத கோப்புகள்

பெரிய நிறுவனங்களின் கணினிகள் இரவில் தூங்குவதில்லை. பகலெல்லாம் சில்லறை வேலை. கனமான வேலைக்கு நள்ளிரவுக்கு மேல்தான் முறை வரும். வங்கிக் கணக்குகளுக்கு வட்டி சேர்ப்பது, சம்பளப் பட்டியல் போடுவது, அன்றைய விற்பனையைப் பேரேட்டில் ஏற்றுவது, மறுநாள் லாரிகளில் என்னென்ன ஏற்ற வேண்டும் என்று பட்டியல் எடுப்பது எல்லாம் இந்த வகை. யாரும் பொத்தானை அழுத்துவதில்லை. இன்ன நாள், இன்ன மணி என்று அட்டவணையில் எழுதி வைத்துவிட்டால் நேரம் வந்ததும் ஒன்று தொடங்கும், அது முடிந்ததும் அடுத்தது. இவற்றை பேட்ச் ஜாப் என்பார்கள். துளையிட்ட அட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கணினிக்குள் செலுத்திய காலத்துப் பெயர். அட்டை போய்விட்டது, கட்டு என்ற பெயர் மட்டும் நிற்கிறது.

இந்த வேலைகளைப் பற்றி வெளியே யாரும் பேசுவதில்லை. ஒழுங்காக நடந்தால் பேச என்ன இருக்கிறது? ஒருநாள் நின்றுபோனால்தான் பேச்சு கிளம்பும். நிற்பதற்குக் காரணங்கள் பல. நான் எழுத வந்தது ஒன்றைப் பற்றி மட்டும்: பகலில் யாரோ பார்த்துவிட்டு மூடிய ஒரு கோப்பு, உண்மையில் மூடப்படாமல் கிடந்து, நடுராத்திரியில் ஒரு பேட்ச் ஜாபைக் கவிழ்ப்பது. கணினித் துறையில் இருப்பவர்களுக்குப் பழகிய தலைவலி. மற்றவர்களுக்கும் புரியும்படி சொல்ல முடியும் என்றே நினைக்கிறேன். 'மூடுவது' என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை பேர் எத்தனை பொருள் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் இதில் பாதிக்கதை.

நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளும் இயந்திரம் ஐபிஎம்மின் ஏஎஸ்/400. 1988 ஜூனில் அறிமுகமானது. 2000-இல் ஐசீரீஸ், 2006-இல் சிஸ்டம் ஐ, 2008-இல் ஐபிஎம் ஐ என்று பெயரை மாற்றிக்கொண்டே வந்தார்கள். அதோடு வாழ்கிறவர்கள் இன்னமும் ஏஎஸ்/400 என்றுதான் சொல்கிறார்கள், சென்னையை மெட்ராஸ் என்று சொல்லும் பெரியவர்களைப் போல. தொண்ணூறுகளின் கடைசியில் இரண்டாயிரமாம் ஆண்டுப் பிழையைத் திருத்த ஆள் தேடியபோது, கோபாலும் (ஆள் பெயரல்ல, நிரல்மொழி) ஆர்பிஜியும் கற்றுக்கொண்டு இந்த மாதிரி இயந்திரங்களின் தயவில் கடல் கடந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

இந்த இயந்திரத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. மற்ற இடங்களில் இயங்குதளம் வேறு, தரவுத்தளம் வேறு. ஒன்றை வாங்கி மற்றொன்றின் மேல் நிறுவ வேண்டும். ஏஎஸ்/400-இல் தரவுத்தளம் இயங்குதளத்துக்குள்ளேயே பிறந்தது. மற்றவர்கள் 'டேபிள்' என்று சொல்வதை இங்கே கோப்பு என்றே சொல்வார்கள். எந்தக் கோப்பை யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று இயங்குதளத்திடமே கேட்கலாம். ஒரே கட்டளையில் பட்டியல் வந்துவிடும். வேறு இடங்களில் திரைக்குப் பின்னால் நடப்பது இங்கே வெளிச்சத்தில் நடக்கிறது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

ஒரு கோப்பைத் திறக்கும்போதே அதன்மேல் ஒரு பூட்டு விழுகிறது. பூட்டில் ஐந்து தரம் உண்டு. எல்லாவற்றிலும் சாதுவானது, 'நான் படிக்க மட்டும் செய்கிறேன், மற்றவர்கள் படிக்கட்டும், எழுதட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை' என்பது. எல்லாவற்றிலும் கடுமையானது, 'நான் முடிக்கும்வரை வேறு யாரும் எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது' என்பது. சாதுப் பூட்டு எல்லாரோடும் ஒத்துப்போகும், அந்தக் கடைசிப் பூட்டோடு மட்டும் போகாது. ஒரே ஒரு ஆள் வெறுமனே படித்துக்கொண்டிருந்தாலும் கடுமையான பூட்டு கிடைக்காது.

கடுமையான பூட்டு எப்போது தேவைப்படும்? கோப்பை அடியோடு காலி செய்யும்போது. ஒவ்வொரு வரியாக அழிப்பது நேரம் பிடிக்கும் வேலை. காலி செய்யும் கட்டளை அப்படிச் செய்யாது; இருந்த இடத்தை மொத்தமாகக் கைகழுவிவிட்டுப் புது இடம் கொடுக்கும். அந்த நேரத்தில் யாராவது ஐயாயிரத்தாவது வரியில் நின்றுகொண்டிருந்தால் காலுக்குக் கீழே தரை இருக்காது. அதனால்தான் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று கேட்கிறது. இரவு வேலைகளை எழுதிய பழைய ஆட்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. மாலை ஆறு மணிக்கு அலுவலகம் காலியாகிவிடும், திரைகள் அணைந்துவிடும். அதன்பின் அந்தக் கோப்பைத் தொட ஆள் ஏது? ஆகவே, தொடங்கியதும் முதல் காரியமாக நேற்றைய கோப்பைக் காலி செய், பிறகு இன்றையதை எழுது என்று ஆயிரக்கணக்கான ஜாப்கள் எழுதப்பட்டன.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். டொராண்டோவில் ஒரு மொத்த வியாபார நிறுவனம். பெயர் வேண்டாம். பால், தயிர், முட்டை, உறையவைத்த காய்கறி என்று சின்ன மளிகைக் கடைகளுக்கு அனுப்புகிறவர்கள். இரவு ஒன்றரை மணிக்கு ஒரு ஜாப் தொடங்கி, முந்தைய நாள் லாரிப் பட்டியல் இருக்கும் கோப்பைக் காலி செய்யும். பிறகு புதிய ஆர்டர்களை லாரிவாரியாகப் பிரித்து அதே கோப்பில் எழுதும். மூன்று மணிக்குக் கிடங்கில் ஆட்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டிகளை எடுக்கத் தொடங்குவார்கள். ஐந்து மணிக்கு முதல் லாரி கிளம்ப வேண்டும். பல வருடங்களாக ஒரு குறையும் இல்லாமல் ஓடிய ஜாப் அது.

பிறகு, கடைக்காரர்களும் விற்பனைப் பிரிவும் எந்தச் சரக்கு எந்த லாரியில் வருகிறது என்று உலாவியிலேயே பார்த்துக்கொள்ள ஒரு வசதி செய்தார்கள். ஜாவாவில் எழுதப்பட்டது, வேறொரு கணினியில் ஓடுவது, தேவைப்படும்போது ஏஎஸ்/400-உடன் இணைப்பு ஏற்படுத்திக்கொண்டு அந்த லாரிப் பட்டியலைப் படிப்பது. எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. அது வந்த மாதத்திலிருந்து வாரத்துக்கு ஒன்றிரண்டு இரவுகள் ஒன்றரை மணி ஜாப் விழத் தொடங்கியது. சிபிஎஃப்3203 என்று ஒரு செய்தி: கோப்புக்கு வேண்டிய பொருளை ஒதுக்க முடியவில்லை. அவ்வளவுதான், ஜாப் நின்றுவிடும். மூன்று மணிக்குக் கிடங்கில் ஆட்கள் கைகட்டி நிற்பார்கள்.

அந்த இரவுகளில் கணினி அறையில் இருந்தவர் ஒருவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார், நாங்கள் எல்லாரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். ஜாப் விழுந்த சமயத்தில் பக்கத்தில் இருந்தவர் அவர். திரும்ப ஓட்டினால் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. பகல்நேர மேலாளர் ஒருவர் இதையெல்லாம் கூட்டிக் கழித்து, இவர் இரவில் எதையோ திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறார் என்ற முடிவுக்கு வந்து, எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார். "நான் ஒண்டும் செய்யேல்லைத் தம்பி. வந்து பாக்கேக்க அது விழுந்து கிடக்குது" என்றார் என்னிடம். நான் அப்போது அந்தப் பழைய நிரல்களைப் பராமரிக்க ஒப்பந்தத்தில் போயிருந்தேன். ஓர் இரவு அவரோடு உட்கார்ந்தேன்.

ஒன்றரை மணிக்கு ஜாப் விழுந்தது. உடனே பூட்டுப் பட்டியலைக் கேட்டோம். திரை நிறைய வரிகள், எல்லா வரியிலும் ஒரே பெயர்: க்யூஇசட்டிஏஎஸ்ஓஇனிட். உச்சரிக்க முயல வேண்டாம். வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்குப் பதில் சொல்ல ஏஎஸ்/400 முன்கூட்டியே எழுப்பி வைத்திருக்கும் பணியாட்கள் இவர்கள். ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் ஆள். இணைப்பு இருக்கும்வரை அந்த ஆள் அதோடு கட்டுண்டிருப்பான். எல்லாருக்கும் ஒரே சீருடை. யார் சார்பில் வேலை செய்கிறான் என்று பூட்டுப் பட்டியலைப் பார்த்தால் தெரியாது, எல்லாரும் க்யூயூசர் என்ற பொதுப் பெயரில்தான் இருப்பார்கள். ஒவ்வொருவனுடைய வேலைக்குறிப்பையும் தனித்தனியாகத் திறந்து பார்த்தால், இன்ன பயனருக்காக, இன்ன முகவரியிலிருந்து என்று ஒரு வரி இருக்கும். அண்ணையும் நானும் ஒவ்வொன்றாகத் திறந்து எழுதினோம். மொத்தம் இருபத்திரண்டு. பத்தொன்பது அந்த ஜாவாக் கணினியின் முகவரி. இரண்டு சென்னையிலிருந்து. ஒன்று கணக்குப் பிரிவில் யாரோ அணைக்காமல் போன ஒரு கணினி, அதில் எக்செல். அண்ணையின் திரை எதிலும் இல்லை.

அடுத்த நாள் ஜாவாக் குழுவிடம் கேட்டேன். "நாங்கள் மூடிவிடுகிறோமே" என்றார்கள். நிரலைக் காட்டினார்கள். உண்மையாகவே ஒழுங்கான நிரல். விடைத்தொகுதியை மூடு, கேள்வியை மூடு, இணைப்பை மூடு என்று மூன்றும் வரிசையாக, நடுவில் பிழை நேர்ந்தாலும் மூடாமல் போகாத இடத்தில் எழுதியிருந்தார்கள். (2011-இல் வந்த ஜாவா ஏழாம் பதிப்பிலிருந்து இதை மொழியே பார்த்துக்கொள்ளும்படி எழுதலாம். அதற்கு முன் நிரலர்தான் ஞாபகமாகச் செய்ய வேண்டும், மறந்தவர்கள் கணக்கிலடங்கார்.) ஆக, அவர்கள் மூடியது நிஜம். கோப்பு திறந்திருந்ததும் நிஜம்.

இங்கேதான் அந்த ஒரு சொல் மூன்றாகப் பிரிகிறது.

நிரல் 'இணைப்பை மூடு' என்கிறது. அதைக் கேட்பது தரவுத்தளம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். கேட்பது நடுவில் இருக்கும் கனெக்‌ஷன் பூல். புதிதாக ஓர் இணைப்பை ஏற்படுத்துவது செலவுள்ள காரியம்: கடவுச்சொல் சரிபார்க்க வேண்டும், பணியாள் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதைச் செய்யாமல், இருபது இணைப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்பவருக்குக் கொடுத்து வாங்குவதுதான் பூலின் வேலை. வாடகை சைக்கிள் கடை மாதிரி. நீங்கள் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தால் உங்கள் கணக்கு முடிந்தது; சைக்கிள் கடையில்தான் நிற்கிறது. ஏஎஸ்/400-இன் பார்வையில் அந்த இணைப்பு நாள்கணக்கில் அறுபடவே இல்லை.

சரி, இணைப்பு இருந்தால் இருக்கட்டும், கோப்பையாவது மூடியிருக்க வேண்டாமா? நிரல் கேள்வியையும் மூடச் சொல்லியிருக்கிறதே? இது மூன்றாவது அடுக்கு. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

ஒரு கேள்வி வந்தால் தரவுத்தளம் அதைப் பிரித்துப் பொருள் கண்டு, எந்த அட்டவணை வழியாகப் போனால் சீக்கிரம் கிடைக்கும் என்று யோசித்து, கோப்புக்கு ஒரு பாதை போட்டு, பிறகுதான் முதல் வரியைப் படிக்கும். மூன்று வரி விடைக்குப் படிக்கும் நேரத்தைவிடப் பாதை போடும் நேரம் அதிகம். அதே கேள்வி அதே இணைப்பில் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்தால், போட்ட பாதையைப் பிரிப்பானேன்? ஆகவே தரவுத்தளம் என்ன செய்கிறதென்றால், முதல் முறை மூடச் சொன்னால் ஒழுங்காக மூடிவிடுகிறது. இரண்டாம் முறையும் அதே கேள்வி வந்து, மூடு என்று சொன்னால், 'மூடிவிட்டேன்' என்று பதில் சொல்லிவிட்டுக் கோப்பைத் திறந்தே வைத்துக்கொள்கிறது. மூன்றாம் முறை வரும்போது பாதை தயாராக இருக்கும். ஐபிஎம்மின் ஆவணங்களில் இதற்குப் 'போலி மூடல்' என்கிற பொருளில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒளிவுமறைவே இல்லை.

நம் ஊர்ப் பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆள் டீ குடிக்கப் போயிருப்பார், இருக்கையில் துண்டு இருக்கும். ஆள் இல்லை, இடமும் காலி இல்லை. போலி மூடல் என்பது அந்தத் துண்டு. சாதாரணப் பயணிகளுக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் வண்டியை டிப்போவுக்குக் கொண்டுபோய்க் கழுவ வேண்டும், எல்லாரும் இறங்கியாயிற்றா என்று பார்க்கிற ஊழியர், ஒரு துண்டு கிடந்தாலும் ஆள் வருவார் என்று கழுவாமல் விட்டுவிட்டால் எப்படி இருக்கும்? ஒன்றரை மணி ஜாபுக்கு நேர்ந்தது அதுதான்.

வாரத்துக்கு ஒன்றிரண்டு இரவு மட்டும் ஏன் விழுந்தது என்பதும் இதில் விளங்கிவிடும். பூலில் இருபது இணைப்புகள் இருந்தன. கூட்டம் குறைந்த நாளில் ஓர் இணைப்பில் ஒரு கேள்வி ஒருமுறைதான் வந்திருக்கும், துண்டு விழாது. கூட்டமான நாளில் ஏதாவது ஓர் இணைப்பில் இரண்டாம் முறை வந்திருக்கும்; விழுந்துவிடும். பூல் பழைய இணைப்புகளை எப்போதாவது களைந்து புதிது எடுத்திருந்தால் அந்தத் துண்டுகளும் போயிருக்கும். சோதனைக் கணினியில் இதைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கும் அதுவே காரணம். சோதிக்கிறவர் ஒவ்வொரு திரையையும் ஒரு தடவை திறந்து பார்ப்பார், சரியாக இருக்கிறது என்று குறி போடுவார், அடுத்த திரைக்குப் போவார். ஒரு தடவை பார்த்தால் இந்தப் பிழை பிறப்பதே இல்லை.

இதையெல்லாம் ஓர் அறிக்கையாக எழுதிப் பூட்டுப் பட்டியலின் அச்சுப் பிரதியையும் இணைத்துக் கொடுத்தேன். ஆனால் மேலிடத்துக்கு அதைவிட எளிதான வழி ஒன்று தென்பட்டது. ஒன்றே கால் மணிக்கு அந்தப் பணியாட்கள் அத்தனை பேரையும் கொன்றுவிட்டால் பூட்டு ஏது? அண்ணைக்கு அந்த உத்தரவு போயிற்று. இப்படிச் செய்யும் இடங்கள் நிறைய உண்டு, இன்றும் உண்டு. பெரும்பாலான இரவுகளில் ஒன்றும் ஆகாது. பூல் இணைப்பு போய்விட்டதைக் கண்டு புதிது எடுத்துக்கொள்ளும்.

ஆனால் அந்தப் பணியாட்களில் எவன் சும்மா துண்டைக் காத்துக்கொண்டிருக்கிறான், எவன் நிஜமாகவே எழுதிக்கொண்டிருக்கிறான் என்று இந்தக் கொலைக்குத் தெரியாது. கடையைப் பூட்டிவிட்டு நள்ளிரவில் மறுநாள் ஆர்டரை உள்ளிடும் கடைக்காரர்கள் உண்டு. அப்படி ஒருவர் நாற்பது சாமான் அனுப்பச் சொல்லியிருந்தார். பதினொன்று எழுதப்பட்டபோது மணி ஒன்றே கால். நவீன முறையில் எழுதிய அமைப்பாக இருந்தால் பரிவர்த்தனை முடியாமல் அறுந்தது என்று பதினொன்றையும் தரவுத்தளம் திரும்ப அழித்திருக்கும். அதற்குக் கோப்புகள் ஜர்னல் என்ற நாட்குறிப்போடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும், நிரலும் அதைக் கேட்டு எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய ஏஎஸ்/400 நிறுவனங்கள் பலவற்றில் அது கிடையாது, அங்கேயும் இல்லை. ஆர்டரின் தலைப்பும் பதினொரு வரிகளும் அப்படியே நின்றன. பார்க்கிறவருக்கு அது பதினொரு சாமானுக்கான முழுமையான ஆர்டர். எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. விடியற்காலை அவர் கடைக்குப் பதினொரு சாமான் போய் இறங்கியது, பால் அதில் இல்லை.

ஜாப் விழுந்தால் குறைந்தபட்சம் விழுந்தது என்று தெரியும். இது தெரியவே தெரியாது. கடைக்காரர் கூப்பிட்டுச் சண்டை போட்ட பிறகுதான் தேடினோம். கொல்லும் கட்டளையைக் கொடுத்த கை யாருடையது என்று பதிவேட்டில் இருந்தது. இரண்டாவது கடிதம் அண்ணைக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. உத்தரவு மின்னஞ்சலில் வந்திருந்ததால், அதை அவர் அழிக்காமல் வைத்திருந்ததால், தப்பினார். முதல் கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று நான் எழுதியதற்கு, அந்த விஷயம் மூடப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. கடிதம் அவருடைய பணிக்கோப்பில் ஓய்வு பெறும்வரை இருந்தது.

சென்னையிலிருந்து வந்த இரண்டு இணைப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் கணக்கு விசாரணைப் பிரிவு அப்போது சென்னைக்குப் போயிருந்தது. குளிர்காலத்தில் டொராண்டோவில் இரவு ஒன்றரை என்றால் சென்னையில் சரியாக நண்பகல் பன்னிரண்டு. கோடையில் பதினொன்று. யாருமே இல்லாத நேரம் என்று எண்பதுகளில் ஒருவர் தேர்ந்தெடுத்த நேரம், இப்போது முப்பது பேர் மும்முரமாக வேலை செய்யும் நேரம். அங்கே இருந்த ஒரு பெண்ணோடு தொலைபேசியில் பேசினேன். தரவைப் பார்க்கும் ஒரு கருவியில் லாரிப் பட்டியலை அவர் தினமும் திறப்பார். கருவி முதல் நூறு வரியைக் காட்டும், மீதியை அவர் கீழே இறக்கினால் காட்டும். அவருக்கு வேண்டியது முதல் பத்து வரியிலேயே கிடைத்துவிடும். சாளரத்தைச் சிறிதாக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். மீதி வரிகளுக்காகக் காத்துக்கொண்டு பாதை திறந்தே கிடக்கும். இது துண்டு அல்ல, ஆளே உட்கார்ந்திருக்கிறார். "சார், நான் எழுதவே மாட்டேன், பார்க்க மட்டும்தான் பார்ப்பேன்" என்றார். உண்மைதான். சாதுப் பூட்டின் சங்கடமே அதுதான்.

தீர்வுக்கு வருகிறேன். உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று ஏஎஸ்/400-இலேயே இருக்கிறது. காலி செய்யும் முன் கோப்பை எனக்கு ஒதுக்கு என்று கேட்கும் கட்டளையில், முரண்படும் பூட்டுகளை விடச் சொல்லிக் கேள் என்று ஒரு கூறு சேர்க்கலாம். நடத்துநர் படியில் நின்று, 'யார் துண்டு இது, எடுத்துக்கோங்க' என்று குரல் கொடுப்பதற்குச் சமம். போலியாக மூடிக்கிடக்கும் பாதைகள் எல்லாம் அந்தக் குரலைக் கேட்டு நிஜமாகவே மூடிக்கொள்ளும். நிஜமாக உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்க மாட்டார், யாரும் அவரைப் பிடித்துத் தள்ளவும் மாட்டார்கள். கொலை இல்லை, பாதி ஆர்டர் இல்லை. ஒரே ஒரு வரி மாற்றம். அதைப் போட்ட பிறகு ஜாப் விழுவது மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. அந்த ஒன்று எப்போதும் சென்னைச் சாளரமோ கணக்குப் பிரிவு எக்செல்லோதான்.

பூலிலும் சிலதைச் செய்யலாம். ஜாவாக்காரர்கள் இப்போது பரவலாகப் பயன்படுத்தும் ஹிகாரி என்ற பூல் (ஜப்பானிய மொழியில் ஒளி) எந்த இணைப்பையும் முப்பது நிமிடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது, அதுதான் அதன் இயல்பமைப்பு. இதனால் துண்டுகள் நாள்கணக்கில் கிடக்காது. ஆனால் ஒன்று இருபத்தைந்துக்குப் போட்ட துண்டு ஒன்றரைக்கு இருக்கத்தான் செய்யும். ஆபத்தைக் குறைக்கலாம், போக்க முடியாது.

என் அபிப்பிராயத்தில் தப்பு பூலிலும் இல்லை, தரவுத்தளத்திலும் இல்லை, சென்னையில் பார்த்துக்கொண்டிருந்தவரிடமும் இல்லை. எல்லாரும் வெளியேறுங்கள் என்று கேட்கும் ஜாபிடம் இருக்கிறது. எதற்காகக் காலி செய்ய வேண்டும்? நேற்றையதும் இன்றையதும் கலந்துவிடக்கூடாது என்பதற்காக. அதற்கு வேறு வழி இருக்கிறது. ஒவ்வோர் இரவு ஓட்டத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணோடு புதிய வரிகளை அதே கோப்பில் சேர்த்துக்கொண்டே போகலாம். எல்லாம் எழுதி முடிந்த பிறகு, ஒரே ஒரு வரி கொண்ட சின்னக் கட்டுப்பாட்டுக் கோப்பில் 'இப்போது செல்லுபடியாகும் ஓட்டம் இது' என்று எண்ணை மாற்றினால் போதும். படிக்கிறவர்கள் முதலில் அந்த எண்ணைப் பார்த்து அதற்குரிய வரிகளை மட்டும் படிப்பார்கள். மூன்று நாள் பழைய வரிகளைச் சாதாரணமாக, வரிவரியாக அழித்துக்கொள்ளலாம். அதற்கு யாரையும் எழுப்ப வேண்டாம். ஒரு சின்ன ஜாக்கிரதை: பழைய முறையில் உண்டாக்கிய கோப்புகளில் அழித்த வரிகளின் இடம் தானாகத் திரும்பப் பயன்படாது, அந்த அமைப்பை மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கோப்பு ஊதிக்கொண்டே போகும். ஜாபின் உள்ளே மட்டும் பயன்படும் தற்காலிகக் கோப்புகளுக்கு இதுகூட வேண்டாம். ஏஎஸ்/400 ஒவ்வொரு ஜாபுக்கும் க்யூடெம்ப் என்று ஒரு தனி அறை கொடுக்கிறது, அங்கே வைத்துக்கொண்டால் வேறு எவர் கண்ணிலும் படாது. இந்த மாற்றத்தை எழுதிச் சோதிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

இது ஏஎஸ்/400-க்கு மட்டும் வந்த வியாதி என்று மற்றவர்கள் நிம்மதி அடைய வேண்டாம். போஸ்ட்கிரஸில் ஒரு பரிவர்த்தனையைத் தொடங்கி ஒரே ஒரு வரியைப் படித்துவிட்டு, முடிக்காமல் சும்மா இருந்தால், அந்த டேபிள் மேல் சாதுப் பூட்டு பரிவர்த்தனை முடியும்வரை நிற்கும். இரவு வேலை வந்து டேபிளைக் காலி செய்யக் கேட்டால் காத்திருக்கும். இன்னும் மோசம், அந்தக் காத்திருப்புக்குப் பின்னால் வரும் சாதாரணப் படிப்பாளிகளும் வரிசையில் நிற்க நேரும். ஒருவர் சும்மா இருந்ததால் எல்லாரும் நின்றுவிடுவார்கள். இப்படிச் சும்மா இருக்கும் பரிவர்த்தனைகளைக் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் துண்டிக்க 2016-இல் வந்த 9.6 பதிப்பில்தான் ஓர் அமைப்பு சேர்த்தார்கள். அதுவும் நாம் போட்டால்தான் வேலை செய்யும். மைஎஸ்க்யூஎல்லிலும் 5.5 பதிப்பிலிருந்து ஏறக்குறைய இதே கதை உண்டு.

டொராண்டோவில் அந்த ஜாப் புது முறையில் ஓடத் தொடங்கிய முதல் வாரம், பழக்கதோஷத்தில் ஒன்றரை மணிக்குப் பூட்டுப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தோரு வரி. முன்பைவிட ஒன்பது அதிகம். சென்னைச் சாளரம் இருந்தது, எக்செல்லும் இருந்தது. பட்டியல் இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குக் கிடங்கு அச்சுப்பொறியில் வந்து விழுந்துகொண்டிருந்தது.